வீட்டுப் பிரதி

எல்லைக்கல் பதிப்பகம் என்று பெயர் வைத்த அன்றைக்கே பாதி நஷ்டம் தொடங்கிவிட்டது என்று ராஜதாஸ் தானே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் உள்ளவர்கள், பாறசாலையில் அச்சாகிற புத்தகம் என்றால் மலையாளமாகத்தான் இருக்கும் என்று தொடுவதில்லை. கேரளத்து நெய்யாற்றின்கரைப் பக்கம் உள்ளவர்கள், தமிழ் என்று தெரிந்ததும் எடுத்த இடத்தில் வைத்துவிடுவார்கள். நடுவே நின்ற எல்லைக்கல்லை இரண்டு பக்கத்து நாய்களும்தான் வஞ்சகமில்லாமல் பயன்படுத்திக்கொண்டன.

ஆனாலும் ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் அவர் ஒரு காரியத்தை விடாமல் செய்துவந்தார். பைண்டிங்குக்குப் போகிற பிரதிகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, பக்கங்களுக்கு நடுவே விரல் அகலத்தில் வெற்றுக் காகிதக் கீற்றுகளை வைத்துத் தைக்கச் சொல்வார். வாசகர்கள் நன்றி சொல்லி எழுதுகிற கடிதங்களை அந்தக் கீற்றுகளில் ஒட்டிக்கொள்ளலாம். எத்தனை ஒட்டினாலும் புத்தகத்தின் முதுகு பிளக்காது. அதற்கு வீட்டுப் பிரதி என்று பெயர். அது விற்பனைக்கல்ல. மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

ஒட்டுவதற்குப் பசை வீட்டிலேயே காய்ச்சப்படும். மரச்சீனிக் கிழங்கு மாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு நுள்ளு துரிசு போட்டு, அடிபிடிக்காமல் கிண்டி இறக்குவது அவர் மனைவி சுகுமாரியின் வேலை.

"கடிதம் வாறதுக்கு முன்ன பசையக் காய்ச்சி வச்சிட்டு வாசலப் பாத்துட்டு இருக்க ஆளு, இந்தத் திருவிதாங்கூரிலயே நீங்க ஒருத்தராக்கும்" என்பாள். பல தடவை பசை இறுகிப்போய், கிண்டிய கரண்டியோடு சேர்த்துத் தென்னைமூட்டில் எறிய வேண்டிவந்திருக்கிறது.

ராஜதாஸ் எழுதிய கவிதைத் தொகுப்பின் வீட்டுப் பிரதியில் ஒரே ஒரு கடிதம் இருக்கிறது. அமரவிளைப் பக்கத்து வாசகசாலை ஒன்றிலிருந்து வந்தது. தவறுதலாக இரண்டு பிரதிகள் வந்துவிட்டன, ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் என்று விஷயம். ஆனால் 'தங்கள் நூல் கிடைத்தது, நன்றி' என்று தொடங்கியதால் அவர் அதையும் ஒட்டிவிட்டார்.

கொழுத்துப்போன ஒரே வீட்டுப் பிரதி 'கட்டிலருகே.' படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று, மிஷன் ஆசுபத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற ரெத்தினதாஸ் எழுதியது. ஆளை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, புண்ணை எப்படிக் கழுவுவது, பார்க்கிறவர் எப்போது முற்றத்தில் போய் நின்று பத்து மூச்சு விட்டுவிட்டு வர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. புத்தகம் வந்த மறுவருஷமே ரெத்தினதாஸ் கர்த்தருக்குள் போய்விட்டார். கடிதங்கள் எல்லாம் பதிப்பாளருக்கு வந்தன. அம்மாவின் முதுகுப் புண் ஆறியது, நன்றி. அப்பா போய்விட்டார், ஆனால் சுத்தமாகப் போனார், நன்றி. ராஜதாஸ் ஒவ்வொன்றையும் படித்து, கண்ணாடியைத் துடைத்து, ஒட்டினார். கீற்றுகள் எல்லாம் நிறைந்து, இறுகக் கட்டினாலும் மூடாமல், வயிறுநிறைய உண்ட ஆள்மாதிரி அந்தப் புத்தகம் அலமாரியில் சாய்ந்து இருந்தது.

பதில் எழுதுகிற வேலை சுகுமாரியுடையது. புகழ்ச்சி வந்து சேர்ந்ததும் அவருக்கு அந்த விஷயத்தில் இருந்த அக்கறை தீர்ந்துபோகும். "நீயே எனக்க பேருல ரெண்டு வரி எழுதிப் போட்டுரு" என்று ஒருநாள் சொன்னார். அவள் அப்படியே தொடர்ந்தாள். சமையல்கட்டு மேஜையில் அரிசிப் பானையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுவாள். 'அன்புடன், ராஜதாஸ்' என்று முடிப்பாள். முதலில் சில நாள், "வாசிச்சுப் பாக்குதியளா?" என்று நீட்டியிருக்கிறாள். "நீ எழுதினா செரியாத்தான் இருக்கும்" என்று அவர் தாண்டிப் போனார். மற்ற எல்லாவற்றிலும் திருத்தம் சொல்கிற மனுஷன் இதில் மட்டும் அப்படிச் சொன்னால் அதற்கு நம்பிக்கை என்று பெயரில்லை. பிறகு அவள் நீட்டுவதை விட்டுவிட்டாள். "போட்டாச்சா?" என்று அவர் கேட்பார். "போட்டாச்சு" என்பாள்.

போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தவள் ஓணம் கழிவதற்குள் போய்விட்டாள்.

அடக்க ஆராதனையில் போதகர் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். எங்கே பிறந்தாள், எங்கே ஞானஸ்நானம், எந்த வருஷம் பதிப்பாளர் ராஜதாஸைக் கைப்பிடித்தாள். அதற்குமேல் குறிப்பு முழுக்க ராஜதாஸைப் பற்றியே போயிற்று. எழுதிக் கொடுத்தவரும் ராஜதாஸ்தான். கை பழகிய வழியில் போயிருந்தது.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு ஒரு சிறு மலர் அச்சடித்துக் கொடுப்பது சபையில் வழக்கம். அபுதாபியில் இருக்கிற மகள் சுமி போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அப்பா, போட்டோக்க கீழ ஒரு வசனத்தப் போட்டு முடிச்சிராதீங்க. எல்லாருக்கும் அதத்தான் போடுதாவ. அம்மைக்க வாக்காட்டு, அம்மை எழுதினதாட்டு ஒரு பக்கமாவது வேணும். ஊருல உள்ளவனுக்க வாக்க எல்லாம் புத்தகம் ஆக்கினியள்லா?"

"தேடுதேன் மக்கா."

தேடினார். பைபிளுக்குள், தையல்மிஷின் இழுப்பறையில், அரிசிப் பெட்டிக்கு அடியில். கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு: சீனி, டெட்டால், சோமனிடம் தேங்காய் வெட்ட ஆள் விடச் சொல்ல வேண்டும். நினைவு மலரில் அதைப் போட்டால் சோமன்தான் சந்தோஷப்படுவான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் எழுதியதெல்லாம் தபாலில் போய்விட்டது. கடிதப் போக்குவரத்தில் வாசகர்களின் பாதி அவர் அலமாரியில் பத்திரமாக, துரிசு போட்ட பசையில் ஒட்டி இருக்கிறது. அவளுடைய பாதி யார் யாருடைய வீட்டிலோ.

'கட்டிலருகே'யை மடியில் வைத்துக்கொண்டு, போன் நம்பர் எழுதியிருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக அழைத்தார். பெருங்கடவிளையில் ஒருவர், வீடு இடித்துக் கட்டியபோது போய்விட்டது என்றார். இன்னொரு அம்மாள், "நல்ல கடிதமாட்டு இருந்தது சாரே, வாசிச்சுக் கரஞ்ஞு போயி" என்று பாதி மலையாளத்தில் சொன்னாள்; வாசித்து அழுதுவிட்டாளாம். எங்கே வைத்தோம் என்பது அவளுக்கு ஓர்மையில்லை.

கடைசிக் கீற்றில் ஒரு கடிதம் இருந்தது. சுகுமாரி போனபின் வந்தது, பதில் போகாதது. குன்னத்துகாலிலிருந்து மோகனன் என்பவன் எழுதியிருந்தான். 'சாருக்கு சுகமில்லையோ? கடிதமே காணவில்லை. பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.'

அந்தக் கடைசி வாக்கியத்தின்மேல் ராஜதாஸ் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார்.

மறுநாள் காலை சிபியின் ஆட்டோவில் புறப்பட்டார். சிபி பதிப்பகத்துக் கட்டுகளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், பெரும்பாலும் திரும்பக் கொண்டுவந்தும் தருகிறவன்.

"புத்தகம் விக்கப் போறியளா சாரே?"

"இல்லடே. கடிதம் வாங்கப் போறேன்."

"அது போஸ்ட்மேன் கொண்டுவருவாரே."

"இது நான் போய் வாங்க வேண்டியதாக்கும். பாதையப் பாத்து ஓட்டு."

வழிநெடுக மழை தூறிக்கொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒற்றைச் சரிவுப் பாதையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். ஓடு போட்ட சிறு வீடு. முற்றத்தில் கயிற்றில் ரப்பர் ஷீட்டுகள் மழைக்காக ஒதுக்கி மடித்துப் போடப்பட்டிருந்தன. அந்தப் புளித்த வாடை. வாசலில் ஒருத்தி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, யார் என்று பார்த்தாள்.

"நான் ராஜதாஸ். பாறசாலை. எல்லைக்கல் பதிப்பகம்."

அவள் வாயில் கைவைத்தாள். "யம்மோ! கடித சாரா? ஏங்க, இஞ்ச பாருங்க, யாரு வந்திருக்கான்னு!" பிறகு அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க இம்புட்டுக் கட்டையாட்டு இருப்பியன்னு நெனைக்கல்ல சார். கடிதத்த வாசிச்சா நல்ல பொக்கமுள்ள ஆளுமாதிரி தோணும்" என்றாள். அவள்தான் ரெஜிலா, மோகனனின் மனைவி.

மோகனன் ஜன்னல் பக்கம் கட்டிலில் சாய்ந்திருந்தான். அமரவிளையில் லாரியில் லோடு ஏற்றுகிற வேலை செய்தவன். மழையில் தார்ப்பாய் கட்டும்போது மேலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தலையிலும் அடி. பேச்சு குழறிப்போயிற்று. போனில் பேசினால், காலையிலேயே குடித்திருக்கிறான் என்று நினைத்துப் போனை வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் அவன் கடிதம் எழுதத் தொடங்கினான். கை மட்டும் பழையபடி இருந்தது. பாறசாலைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து.

அவன் ராஜதாஸின் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. முதலில் அவன் சொன்னது புரியவில்லை. ரெஜிலா எடுத்துச் சொன்னாள். கொஞ்சநேரத்தில் ராஜதாஸுக்கே பிடிபட்டது.

"செத்துப்போயிட்டியளோன்னு நெனச்சேன்."

"நானா? நான் சாகல்ல" என்றார் ராஜதாஸ்.

ரெஜிலா கட்டன் சாயா கொண்டுவந்து, புருஷனுக்கு ஊதி ஆற்றி வாயில் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு மோகனன், "நன்றி ரெஜிலா" என்றான்.

"பாத்தியளா?" என்றாள் அவள். "இதுக்கு நீங்கதான் சார் காரணம். 'பேரச் சொல்லி நன்றி சொல்லணும், மனசுக்குள்ள வச்சிருந்தா அது உமக்க நன்றி, அவளுக்கு உள்ளதல்ல'ன்னு எழுதினியள்லா? முதல்நாளு இவிய சொன்னப்பம், தலைக்குள்ள இன்னொரு நரம்பும் விட்டுப்போச்சுன்னு நெனச்சு டாக்டருக்குப் போன் பண்ணப் போனேன்."

ராஜதாஸ் சிரித்தார். அந்த வரியைக் கேட்டதும் அவருக்கு அது சுகுமாரியின் குரலாகவே இருந்தது; அரிசியைக் களைந்துகொண்டே சொல்கிற குரல்.

"அக்காக்குக் கால் நோவு இப்பம் எப்பிடி?" ரெஜிலா கேட்டாள். "நீங்க தைலம் போட்டுத் தடவிக் குடுப்பியன்னு எழுதினியள்லா, அதே தைலத்த நானும் வாங்கினேன்."

சுகுமாரிக்குக் கால் நோவு உண்டு. தைலமும் உண்டு. அவள் குனிந்து தானே தடவிக்கொள்வாள். அவர் புரூஃபிலிருந்து தலையைத் தூக்கி, வாடை அடிக்கிறது, ஜன்னலைத் திற என்றிருக்கிறார்.

"இப்பம் நோவு இல்ல" என்றார். அது பொய்யும் இல்லை.

வந்த காரியத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சநேரம் இருந்தால் இங்கே கடிதங்களில் இருக்கிற அந்த நல்ல ராஜதாஸ் தன்னை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுவான் போலிருந்தது.

"மோகனா, அந்தக் கடிதங்கள் எல்லாம் இருக்கா?"

மோகனன் கண்ணால் காட்டினான். ரெஜிலா தலைமாட்டு அலமாரியிலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்தாள். உள்ளே 'கட்டிலருகே', அட்டை பிய்ந்து, எண்ணெய் ஊறி. அதோடு ஒரு கட்டு இன்லண்டும் கவரும். மேலே எல்லைக்கல் பதிப்பகத்து முத்திரை. கீழே சுகுமாரியின் சாய்ந்த எழுத்து.

"அத நான் கொண்டுபோவட்டா? அச்சடிக்கணும்."

"உங்க கடிதம் உங்களுக்கு எதுக்குங்கேன்?" என்றாள் ரெஜிலா. ஆனால் மோகனனின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

"புத்தகமாட்டா?"

"சின்ன மலர் மாதிரி."

"எனக்க பேரும் வருமா?"

"வரும்."

"குடு" என்றான் மனைவியிடம். "சாருக்க எழுத்து. நாலுபேரு வாசிக்கட்டும்."

கட்டு ராஜதாஸின் மடிக்கு வந்துவிட்டது. இவ்வளவு எளிதாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. உண்மையை ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய்விடலாம், ஆவணியில் சுகுமாரி பேர் போட்டு அச்சடித்துவிடலாம், குன்னத்துகாலுக்கு ஒரு பிரதி அனுப்பாமல் இருந்தால் போதும். விற்காத புத்தகம் போட்டே பழகியவருக்கு ஒரு பிரதியை அனுப்பாமலிருப்பது பெரிய காரியமா?

"போறதுக்கு முன்ன ஒண்ணு வாசிங்க சார்" என்றாள் ரெஜிலா. "எப்பமும் நானாக்கும் வாசிக்கது. உங்க சத்தத்துல ஒருக்கக் கேக்கணும்."

அவர் ஒன்றை உருவினார். எது வந்தது என்று பார்க்காமலே பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

'அன்புள்ள மோகனா, உம்முடைய கடிதம் கிடைத்தது. புண் காய்ந்து வருகிறது என்றறிந்து சந்தோஷம். ரெஜிலாவிடம் கோபப்பட்டுவிட்டதாக எழுதியிருந்தீர். கட்டிலில் கிடக்கிறவனுக்குக் கோபப்படவும் உரிமை இல்லையென்றால் பிறகு என்னதான் இருக்கிறது? நன்றாகக் கோபப்படும். ஆனால் அவள் வாசலைத் தாண்டுவதற்குள் சமாதானம் சொல்லிவிட வேண்டும். வாசலைத் தாண்டியபின் சொல்லுகிற சமாதானம் செவியில் ஏறாது.

'என்னிடமும் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சுகுமாரி எதையாவது சொல்லத் தொடங்கினால் புரூஃப் திருத்துகிறதுபோல் நடுவிலே நிறுத்தி, அது செவ்வாய்க்கிழமை அல்ல, புதன்கிழமை என்று சொல்லுவேன். அவள் சொல்ல வந்தது அங்கேயே செத்துப்போகும். இப்போது நான் அப்படிச் செய்வதில்லை. அவள் செவ்வாய் என்றால் செவ்வாய்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு முழுவதும் கேட்கிறேன். அவள் என்னென்ன சொல்லுகிறாள் தெரியுமா மோகனா? இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் எனக்கு இதெல்லாம் தெரியாமல் போயிற்றே என்று இருக்கிறது.'

ஓரிடத்தில் அவள் ஒற்றெழுத்தை விட்டிருந்தாள். ராஜதாஸின் கை தானாகவே சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குப் போய், பாதிவழியில் நின்றது. அதற்குமேல் அவரால் வாசிக்க முடியவில்லை.

தான் எழுதியதை வாசித்துத் தானே கலங்குகிற சாரைப் பார்த்து ரெஜிலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாப் பெண்ணுக்கும் இப்பிடி ஒரு ஆளு கிட்டுமா? சுகுமாரி அக்கா குடுத்து வச்சவியளாக்கும். கூட்டிட்டு வந்திருக்கப்படாதா சார்? நான் ஒருக்கப் பாத்திருப்பேனே."

ராஜதாஸ் கடிதத்தை மடித்தார். மடிப்பு சரியாக விழவில்லை. மறுபடி மடித்தார்.

"அவ இல்ல" என்றார்.

"வீட்டுல இல்லியா?"

"இல்ல. போயிட்டா. போன ஆவணியில."

ரெஜிலாவின் கை துண்டைப் பிடித்தபடியே நின்றது.

"இத எழுதினதும் அவதான்" என்றார் ராஜதாஸ். "எல்லாமே அவ எழுதினது. எனக்க பேருல. நான் ஸ்டாம்பு ஒட்டினேன். அதுவும் சிலப்பம் மறந்திருக்கேன்."

வெளியே ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஏதோ தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மோகனன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, கல்லைப் புரட்டுகிறதுபோல் கேட்டான்.

"நீங்க எழுதல்ல."

"இல்ல."

"ஒண்ணுகூட."

"ஒண்ணுகூட இல்ல மோகனா."

"கால் தடவினது?"

"இல்ல."

"செவ்வாய், புதன்?"

"அது உள்ளதுதான்" என்றார் ராஜதாஸ். "நான் விட்டேன்னு எழுதினதுதான் பொய்."

மோகனன் கையை நீட்டினான். நடுங்காத கை. "அத இஞ்ச தாங்க."

ராஜதாஸ் மடியிலிருந்த கட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் அதை நெஞ்சின்மேல் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"வெளிய நில்லுங்க" என்றான். "கொஞ்சம்."

ராஜதாஸ் முற்றத்துக்கு வந்தார். ரப்பர் ஷீட்டுகளுக்குப் பக்கத்தில், தாழ்ந்த ஓட்டு இறவாணத்துக்குக் கீழே நின்றார். கட்டையான ஆளாக இருந்தும் தலை இடித்தது. சிபி பீடியை மறைத்தபடி அருகே வந்தான். அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சொல்லில்லாத சத்தம். நாக்கு குழறியவன் அழும்போது எதற்கும் குழறல் இல்லை. ஊரில் எல்லாரும் அழுவதுபோலத்தான் இருந்தது.

"என்ன சாரே? சண்டையா?"

"இல்லடே. உள்ள துட்டிக்கு அழுதாவ."

"துட்டியா? யாருக்கு?"

"எனக்க வீட்டுக்காரிக்கு."

சிபி ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் ஏதோ மறந்ததுபோல் போய்விட்டான்.

கட்டின புருஷன் மழையில் நிற்க, முன்பின் பார்த்திராத ஒருவன் உள்ளே அவளுக்காக அழுதுகொண்டிருந்தான். ராஜதாஸுக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயதில், இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு ஆளிடம். அடக்கத்தன்று அவர் அழவில்லை. பந்தல்காரன், நாற்காலி, கல்லறைக்கு ஆள், நோட்டீசில் அவளுடைய வீட்டுப்பெயரைத் தப்பாகப் போட்டிருந்த அச்சுக்காரனோடு சண்டை. வந்தவர்கள் எல்லாரும் அவர் கையைப் பிடித்து, உமக்குக் கஷ்டம்தான் என்றார்கள். அவளைக் காணோமே என்று யாரும் சொல்லவில்லை. இவன் சொல்கிறான். இவனுக்கு ஒரு ஆள் குறைந்துபோயிற்று. தனக்கு என்ன குறைந்தது என்று அவருக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. செவ்வாய் என்று சொல்வதற்கு வீட்டில் யாருமில்லாததால் புதன் என்று சொல்ல முடியவில்லை. அதுவரைக்கும்தான் தெரிந்தது.

சத்தம் நின்றது. கொஞ்சநேரம் கழித்து ரெஜிலா வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"கடிதத்தத் தரமாட்டாவளாம்."

"செரி."

"அது அவியளுக்கு எழுதினதாம். நீங்க கேஸ் குடுத்தாலும் தரமாட்டேன்னு சொல்லச் சொன்னாவ."

"கேஸ் குடுக்கமாட்டேன்னு சொல்லு. செரியாத்தான் சொல்லுதான். அவனுக்குள்ளதுதான்."

"போட்டோ எடுக்கதுக்கும் விடமாட்டாவளாம். இப்பம் அப்பிடித்தான் சொல்லுவாவ. பொறவு என்னமோ." அவள் துண்டால் மூக்கைத் துடைத்தாள். "உள்ள வரச் சொல்லுதாவ. அக்கா எப்பிடி இருந்தாவன்னு கேக்கணுமாம். எனக்கும்தான்."

அவர் உள்ளே போனார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டு இப்போது மோகனனின் தலையணைக்கு அடியில். அவன் கண்கள் சிவந்து, ஆனால் அவரை நேராகப் பார்த்தன.

"சொல்லுங்க."

ராஜதாஸ் தொண்டையைச் செருமினார். எத்தனை புத்தகத்துக்குப் பின்னட்டைக் குறிப்பு எழுதியவர். "அன்பும் அடக்கமும் உள்ளவ. சபைக் காரியங்களிலெல்லாம்..."

"அது பேப்பர்ல போடுததுல்லா" என்றாள் ரெஜிலா.

அவர் நிறுத்தினார். போனை எடுத்து, தேடி, மலரில் போடுவதற்காக சுமி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினார். ரெஜிலா வாங்கிப் பார்த்துவிட்டுப் புருஷனுக்குக் காட்டினாள். மோகனன் நெடுநேரம் பார்த்தான். தலையை அசைத்தான்.

"இதுல வாய மூடி இருக்காவ."

"போட்டோ எடுத்தா எப்பமும் அப்பிடித்தான். பல்லு தெரியப்படாது" என்றார் ராஜதாஸ். "மேல ஒரு பல்லு, மத்ததுக்கு மேல கொஞ்சம் ஏறி நிக்கும். கல்யாணத்துக்கு முன்னயே உண்டு. அத மறைக்கதுக்காட்டு ஒரு பக்கமாத்தான் சிரிப்பா. ஆனா நல்லாச் சிரிச்சா மறந்துபோவா. அப்பம் அந்தப் பல்லு தெரியும். தெரிஞ்சதும் டக்குன்னு கைய வச்சுப் பொத்துவா."

மோகனன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உதடு, தெரியாமலே, ஒரு பக்கமாகக் கோணியது.

"எந்தப் பக்கம்?" என்றான்.

"என்ன?"

"அந்தப் பல்லு. எந்தப் பக்கம்?"

ராஜதாஸ் வலது கையைத் தூக்கித் தன் உதட்டின் வலதுபக்கம் வைத்தார். இல்லை. அவள் எதிரே அல்லவா உட்கார்ந்திருப்பாள். கையை இடதுபக்கத்துக்குக் கொண்டுபோனார். அடுக்களை மேஜை, ஜன்னல் வெளிச்சம், அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசித்தார். கை மறுபடி வலதுபக்கம் வந்தது. அங்கேயும் நிற்கவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.